ஊர்வலம் எங்கே போகிறது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழகத்தில் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் ஒருவரை அழைத்து, ஆண்டு விழா மேடையில் அரை மணி நேரம் பேசும்படி செயற்குழுவினர் பணித்தார்கள். எந்தப் பொருளைப் பற்றியும் பேசலாம் என்றும் சொன்னார்கள். அவ்வாறு சொல்வது அவர்களுடைய பெருந்தன்மை. பேச வேண்டியவருக்கோ அது பெருஞ் சங்கடம். பல நாள் யோசித்து, ஈற்றில் ஒரு படத்தைக் கொண்டுவந்திருக்கிறோம். மேசைக்குப் பின்னால் மாட்டப்பட்டிருக்கும் இந்த வர்ணப்படந்தான் இன்றைய பொருள். பின்வரிசையில் இருப்போருக்கு அது தெளிவாகத் தெரியாது. ஆகையால் முதலில் அதை வாயாற் சொல்லிக் காட்டிவிடுகிறோம்.

ஒரு மலைநாடு. தூரத்தில், குன்றொன்றின் உச்சியில், வெள்ளை வெளேரென்று ஒரு கோட்டை. அதன் பக்கத்திலிருந்து ஒரு பாதை வளைந்து வளைந்து கீழே இறங்குகிறது. பாதையோரத்திலே படிப்படியாகச் செதுக்கி எடுத்தாற்போன்ற வெண்பாறைகள். நிமிர்ந்து நிற்கும் கரும்பச்சை மரங்கள். ஒரு சரிவிலே குதிரைவீரன் ஒருவன் மானைத் துரத்திக்கொண்டு போகிறான். பாதை நிறையக் குதிரைகள். முன்னே, வெண்குதிரை ஒன்றின்மேல், பொன்னாடை உடுத்திப் பொன்முடி தரித்த ஓர் இளைஞன் வருகிறான். சேணமும் கடிவாளமும் பொன்மயம். அவனுக்குப் பின்னாலே ஒரு பெருங்கூட்டம். அதன் முன்வரிசையிலே வாகனம் ஏறிய பெரிய மனிதர் சிலர்; அவர்களுக்குப் பின்னால் தலைக்குமேல் தலையாக முகங்களும் தொப்பிகளும். போருக்குப் போகிறவர்கள் அல்லர். ஆயுதம் சிலரிடம் உண்டு. ஆத்திரம் எவர் முகத்திலும் இல்லை. அவசரமும் இல்லை. திருவிழாவுக்குப் போகிறவர்களைப் போல அணியணியாகப் போகிறார்கள்.

இது இத்தாலி தேசத்துப் புளோரன்ஸ் நகரில், மெடிச்சி என்னும் குடும்பத்தாருடைய மாளிகைக்குள்ளே, அவர்களின் சொந்தச் சிற்றாலயத்தின் சுவரில் எழுதப்பட்ட சித்திரம். எழுதத் தொடங்கிய ஆண்டு 1459. எழுதியவர் பெனோஸோ கொட்ஸோலி. இங்கே மாட்டியிருப்பது கிழக்குச் சுவர் மட்டுமே. தெற்குச் சுவரிலே பச்சை ஆடை உடுத்த, தாடி வைத்த நடுவயது அரசர் ஒருவர் குதிரையேறி வருகிறார். மேற்குச் சுவரிலே வெண்தாடி முதியவர் ஒருவர் வருகிறார். மூன்று சுவர், மூன்று அரசர், இளமை, நடுவயது, முதுமை என மூன்று பருவம். வெளிச்சம் மிகக் குறைவாகவே புகும் சிறிய அறை அது. விளக்கொளியில் மின்ன வேண்டும் என்பதற்காகவே பொன் தகட்டை ஓவியர் தாராளமாக ஒட்டியிருக்கிறார்.

அந்த மூவர் யாரென்று எமக்கு இப்படத்தைக் காண்பதற்கு முன்பே தெரியும். நாம் படித்தது மிஷன் பாடசாலையில் என்பதை இங்குள்ள பலர் அறிவர். காலையில் வீட்டிலே திருநீறு பூசிக்கொண்டு புறப்பட்டு, எட்டு மணிக்கு வேதபாட வகுப்பில் இருப்போம். ஒரு நத்தார் நாடகத்திலே எமக்கு மூன்றாவது அரசர் வேடம் கிடைத்தது. தலையிலே கடதாசி முடி. உடம்பிலே எமது தாயாரின் கூறைச்சேலை. தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பார்த்தபடியே நடந்து வந்து முழந்தாளிட வேண்டும் என்று பத்து முறை பழக்கியிருந்தார்கள். மேடை ஏறியதும் நாம் குழந்தையைப் பார்க்கவே இல்லை. சபையிலே தாயார் எங்கே இருக்கிறார், கூறைச்சேலையோடு எம்மைக் காண்கிறாரா என்றே தேடிக்கொண்டு நடந்து, தொட்டிலிலேயே இடறி விழப் போனோம். சபை சிரித்தது. இந்தச் சிறு சம்பவத்தைத் தயவு செய்து நினைவில் வைத்திருங்கள். பின்னர் வேண்டியிருக்கும்.

கிழக்கிலிருந்து ஞானிகள் வந்து குழந்தை இயேசுவை வணங்கிய கதையை மத்தேயு எழுதிய சுவிசேஷத்திலே காணலாம். பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்னும் மூன்று காணிக்கைகள் அங்கே சொல்லப்படுகின்றன. வந்தவர்கள் மூவர் என்று அங்கே இல்லை. அரசர்கள் என்றும் இல்லை. குதிரை என்ற பேச்சே இல்லை. காணிக்கை மூன்றாகையால் ஆட்களும் மூவராயினர். பின்னர் அவர்களுக்கு முடி சூட்டப்பட்டது. காலப்போக்கிலே வாகனமும் பரிவாரமும் வந்து சேர்ந்தன. ஒரு சிறு செய்தி ஊர்வலமாக வளர்ந்த வரலாறு இது.

இக்கதையின்மேல் புளோரன்ஸ் நகரத்துச் செல்வருக்கு அவ்வளவு ஆசை ஏன்? அந்நகரில் மூவரசர் பெயரால் ஒரு பக்தர் சபை இருந்தது. சான் மார்க்கோ என்னும் மடத்தைச் சார்ந்த அச்சபையார், மூவரசர் திருநாளிலே வேடம் புனைந்து குதிரையேறி நகர வீதிகளில் ஊர்வலம் நடத்துவது வழக்கம். மெடிச்சி குடும்பத்தார் அதிலே முக்கிய அங்கத்தினர். ஆகவே ஓவியர் இந்தக் காட்சியை முழுதும் கற்பனையாக எழுதவில்லை. வீதியிலே கண்ணாற் கண்ட திருவிழாவையே சுவருக்குக் கொண்டுவந்தார். சித்திரத்திலுள்ள மலைகளும் பாலஸ்தீனத்து மலைகள் அல்ல. புளோரன்ஸ் நகரைச் சூழ்ந்த தொஸ்கானா நாட்டு மலைகளையும் மரங்களையும் நினைவூட்டுவன.

இன்னுமொரு காரணம் உண்டு. அது சற்று ஆழமானது. மெடிச்சி குடும்பத்தார் அரசர் அல்லர். புளோரன்ஸ் ஒரு குடியரசு. அவர்கள் வட்டிக்கடைக்காரர், சற்று மரியாதையாகச் சொன்னால் வங்கியாளர். 1397-இல் தொடங்கிய அவர்களுடைய வங்கிக்கு ஐரோப்பாவின் பல நகரங்களிலே கிளைகள் இருந்தன. வட்டி வாங்குவது பாவம் என்று அக்காலத்துத் திருச்சபை போதித்தது. வங்கியாளரோ நாணயமாற்று என்றும் அன்பளிப்பு என்றும் வேறு பெயர்களாலே இலாபம் எடுத்தனர். பெயரை மாற்றிச் சபையைச் சமாளிக்கலாம். மனச்சாட்சியைச் சமாளிப்பது கடினம். குடும்பத்தின் தலைவராயிருந்த கொசிமோ மெடிச்சி, தம் செல்வத்திலே ஒரு பகுதி நேரிய வழியில் வந்ததன்று என்று அஞ்சிப் பாப்பரசரிடம் வழி கேட்டார் என்றும், சான் மார்க்கோ மடத்துக்குப் பத்தாயிரம் புளோரின் செலவிடும்படி பாப்பரசர் சொன்னார் என்றும், அவரை அறிந்த புத்தக வணிகராகிய வெஸ்பசியானோ என்பவர் எழுதி வைத்திருக்கிறார். அம்மடத்திலே கொசிமோவுக்கென ஒதுக்கிய அறையின் சுவரிலும் மூவரசர் வணங்கும் காட்சியே தீட்டப்பட்டது. அவ்வேலையிலும், தம் குருவாகிய பிரா அஞ்ஜெலிக்கோவோடு, கொட்ஸோலிக்குப் பங்கு உண்டு.

யோசித்துப் பாருங்கள். அந்தக் குழந்தையிடம் வந்தவர்களில் முதலில் ஆட்டிடையர், அவர்கள் ஏழைகள். பொன்னோடு வந்தவர்கள் இவர்கள் மட்டுந்தான். அவர்களுடைய பொன்னும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பணம் படைத்து, அதனாலேயே பயந்திருந்த ஒருவருக்கு இதைவிட ஆறுதலான கதை வேறெது?

இனிப் படத்திலுள்ள மனிதரைப் பார்ப்போம். இளவரசனுக்குப் பின்னே வெண்குதிரைமேல் வருபவர் கொசிமோவின் மகன் பியேறோ. இந்தச் சித்திரத்தை எழுதுவித்தவர் அவரே. அவர் குதிரையின் அணிகளிலே குடும்பச் சின்னங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்தே பழுப்பு நிறக் கோவேறு கழுதைமேல் எளிமையாக வரும் முதியவர் கொசிமோ. சற்று இடப்புறத்தே மிலான் நாட்டு இளவரசர் கலெயாட்ஸோ ஸ்போர்சாவும், றிமினி நகரத்துச் சிற்றரசர் சிஜிஸ்மொந்தோ மலதெஸ்தாவும் குதிரையேறி நிற்கிறார்கள் என்று அறிஞர் பலர் கொள்வர். கலெயாட்ஸோ 1459-ஆம் ஆண்டு வசந்தத்திலே பெரிய குதிரைப் பரிவாரத்தோடு புளோரன்சுக்கு வந்தவர். அடுத்த சில மாதங்களிலே கொட்ஸோலி வேலையைத் தொடங்கினார்.

பின்னாலுள்ள கூட்டத்திலே சிவப்புத் தொப்பி அணிந்த ஒருவர் நேரே எம்மைப் பார்க்கிறார். அத்தொப்பியின் ஓரத்திலே பொன்னெழுத்தால், இது பெனோஸோவின் வேலை என்று இலத்தீனில் எழுதியிருக்கிறது. பியேறோவின் முகத்துக்கும் கொசிமோவின் முகத்துக்கும் கீழே பெயர் இல்லை. கூலிக்கு எழுதியவர் தம் பெயரை மட்டும் எழுதிவிட்டார்.

கூலிக்கு என்று சொன்னது வெறும் வார்த்தையன்று. வேலை நடக்கையிலே கொட்ஸோலி பியேறோவுக்கு எழுதிய கடிதங்கள் சில இன்றும் உள்ளன. ஒன்றிலே பணம் கேட்கிறார். இன்னொன்றிலே, 1459 ஜூலை மாதம், ஒரு சிறு விவகாரம். சுவரின் மூலையிலே அவர் எழுதிய சில தேவதூதர் பொருத்தமில்லை என்று பியேறோ குறை சொல்லிவிட்டார் போலும். ஓவியர் பதில் எழுதுகிறார்: மேகங்களுக்கிடையில் சிறகு நுனிதான் தெரிகிறது, அதனால் அழகு கெடவில்லை, ஆனாலும் தாங்கள் கட்டளையிட்டால் இரண்டு சிறு மேகங்களாலே மறைத்துவிடலாம், என்ற கருத்திலே. பணம் கொடுப்பவர் சொன்னால் தேவதூதரும் மேகத்துக்குள் மறைய வேண்டியதுதான்! இங்கே சபையிலுள்ள பெரியவர்கள் சிலர் புன்சிரிப்புக் கொள்வதைக் காண்கிறோம். சபை வேலை பார்த்த எவருக்கும் இந்தக் கடிதம் விளங்கும்.

பல்கலைக்கழகத்திலே முதலாம் ஆண்டில் இப்படத்தைப் பற்றி எழுதும்படி எம்மிடம் சொல்லப்பட்டது. இதுவரை சொன்ன விஷயங்களையெல்லாம் திரட்டி, மிகுந்த ஆவேசத்தோடு ஒரு கட்டுரை எழுதினோம். இது பக்தி என்னும் பட்டுத்துணிக்குள்ளே சுற்றிய பணமூட்டை. கடவுளின் வீட்டிலே தன் முகத்தை எழுதுவித்தவன் கடவுளையா வணங்குவான், என்று முடித்தோம். அந்த முடிவுரையைப் பலமுறை வாசித்து நாமே மகிழ்ந்தோம்.

ஆசிரியர் கட்டுரையைத் திருப்பித் தந்தபோது பாராட்டவுமில்லை, கண்டிக்கவுமில்லை. ஒரே கேள்வி கேட்டார்: "இவர்கள் எங்கே போகிறார்கள்?"

"பெத்லகேமுக்கு" என்றோம்.

"படத்திலே பெத்லகேம் எங்கே இருக்கிறது?"

மூன்று சுவரின் படங்களையும் விரித்து வைத்துத் தேடினோம். கோட்டை இருந்தது, வேட்டை இருந்தது, சிறுத்தை இருந்தது, நூறு தொப்பி இருந்தது. தொழுவம் இல்லை, தாய் இல்லை, குழந்தை இல்லை. இத்தனை குதிரையும் எங்கே போகின்றன என்று ஒரு நாளும் நாம் கேட்டதில்லை. புத்தகத்திலே படத்தைப் பார்த்தோமே ஒழிய, அறையைப் பார்க்கவில்லை.

அந்த அறையிலே மூன்று சுவர் மட்டும் இல்லை. நான்காவது பக்கத்திலே பலிபீடம் இருக்கிறது. பீடத்தின் இருபுறச் சுவர்களிலும் குதிரை இல்லை. புல்வெளியிலே தேவதூதர் நின்றும் முழந்தாளிட்டும் பாடி வணங்குகிறார்கள். பீடத்தின்மேல் வேறோர் ஓவியம். அதை எழுதியவர் பிலிப்போ லிப்பி. அதிலே இருண்ட காடு. மலர் பூத்த தரையிலே வெறுமனே கிடக்கும் குழந்தை. முன்னே கைகூப்பி முழந்தாளிட்ட தாய். அரசர்கள் அதிலே இல்லை. கூட்டம் இல்லை.

சுவர்களிலே வளைந்து வளைந்து வரும் ஊர்வலம் முழுவதும் அந்தக் குழந்தையை நோக்கியே வருகிறது. அறையின் நடுவிலே நிற்பவரும் ஊர்வலத்திலே ஒருவராகிவிடுகிறார். சுற்றிலும் குதிரைக் குளம்போசை; முன்னே காட்டின் மௌனம். பலிபீடத்துக்குப் போக வேண்டுமானால் கடைசிச் சில அடிகளை அவரவர் தம் காலாலேயே நடக்க வேண்டும். அங்கே குதிரைக்கு இடமில்லை.

இதைக் கண்ட பிறகு எமது கட்டுரை எமக்கே பாதிக் கட்டுரையாகத் தோன்றியது. நாம் எழுதியது பொய்யன்று. ஆடம்பரம் உண்மை; குடும்பச் சின்னம் உண்மை; விருந்தினர் பார்த்து வியக்க வேண்டும் என்ற எண்ணமும் உண்மை. மெடிச்சியார் முக்கிய விருந்தினரை அந்த ஆலயத்திலும் வரவேற்றதுண்டு. வீதியிலே முடி சூடி வந்தால் குடியரசு பொறுக்காது. வீட்டுச் சுவரிலே வந்தால் எவரும் கேட்கமாட்டார். ஆனால் அதே சுவரின் முன்னே அதே மனிதர் மண்டியிட்டார் என்பதும் உண்மை. அவருடைய பயம் உண்மையான பயம். கோவேறு கழுதைமேல் வரும் அந்த முதியவர் வேஷக்காரர் என்று சொல்ல எமக்கு இப்போது துணிவில்லை. ஆசையும் பயமும் இரண்டும் உடையவராகவே தெரிகிறார். நம்மிற் பெரும்பாலோர் அப்படித்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பல வழிகாட்டி நூல்கள், பொன்முடி தரித்த அந்த இளைஞன்தான் பிற்காலத்திலே புகழ்பெற்ற லொறென்ஸோ மெடிச்சி என்று எழுதுகின்றன. நடுவயது அரசர் கிரேக்கச் சக்கரவர்த்தி எட்டாம் யோவான் என்றும், முதியவர் கொன்ஸ்தாந்திநோபிள் பேராயர் யோசேப்பு என்றும் சொல்வர். 1439-இல் கிழக்குத் திருச்சபையையும் மேற்குத் திருச்சபையையும் ஒன்றாக்கும் மகாசபை புளோரன்ஸ் நகரிலே கூடியது. அதற்கு இவ்விருவரும் வந்தது மெய். அந்த அழகிய கதை பிற்காலத்தார் சொல்லியது. இன்றைய அறிஞர் பலர் அதை ஏற்பதில்லை. 1449-இல் பிறந்த லொறென்ஸோவுக்குச் சித்திரம் தொடங்கியபோது பத்து வயதுதான். கூட்டத்துக்குள்ளே, பெரியவர்களின் நெரிசலிலே, அழகில்லாத ஒரு சிறுவனின் முகம் இருக்கிறது. அதுவே அவன் என்று கருதுவோர் பலர். கூட்டத்திலே நின்ற பிள்ளையைப் பிற்காலத்தார் குதிரைமேல் ஏற்றிவிட்டார்கள்! பெயர் பெற்றவரைக் கண்டால் முதல் வரிசைக்குக் கொண்டுவருவது நமக்கெல்லாம் கைவந்த பழக்கம்.

கொசிமோவுக்கு அண்மையிலே, கையிலே வில்லோடு நடந்து வரும் கறுத்த நிறப் பணியாள் ஒருவரை ஓவியர் மிகுந்த கவனத்தோடு எழுதியிருக்கிறார். பரிவாரத்திலே இவ்வளவு தெளிவாகத் தெரியும் முகம் வேறு பலருக்கு இல்லை. அவர் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. பெரியவர்களின் பெயரைக் கண்டுபிடிக்க நூற்றாண்டுகளாக நூல்கள் எழுதப்பட்டுள்ளன. இந்த மனிதர் கால்நடையாகவே, பெயரில்லாமலே, அதே குழந்தையிடம் போகிறார்.

நமது சபையிலே இருந்துகொண்டு தஞ்சைப் பெரிய கோயிலை நினையாமல் இருக்க முடியவில்லை. அங்கே கருவறையைச் சுற்றிய இருண்ட பாதையின் சுவரிலே, சோழர் காலத்து ஓவியம் பிற்கால ஓவியத்தின் கீழே மறைந்து கிடந்தது, 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி என்னும் அறிஞர் அதனைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். அதிலே சுந்தரமூர்த்தி நாயனார் வெள்ளை யானைமேலும் சேரமான் பெருமாள் குதிரைமேலும் கயிலைக்குப் போகிறார்கள். இரண்டு சித்திரத்துக்கும் தொடர்பேதும் இல்லை. கொட்ஸோலி தஞ்சையைக் கேள்விப்பட்டவரும் அல்லர். ஆனால் பெரியபுராணம் படித்த நமக்கு அடுத்து என்ன நடந்தது என்று தெரியும். குதிரையின் காதிலே திருவைந்தெழுத்தை ஓதி, வான்வழியே சுந்தரரை முந்திப் போன சேரமான், கயிலை வாயிலிலே தடைப்பட்டு நின்றார். அழைக்காமல் வந்தவர் என்பது காரணம். உள்ளே போன தோழர் எடுத்துச் சொன்ன பின்னரே அவர் அழைக்கப்பட்டார். அரசராயினும், குதிரை பறந்து வந்ததாயினும், வாயில் வரைக்குந்தான். குதிரை தப்பென்று சேக்கிழார் சொல்லவில்லை; சேரமானின் அன்பு பொய் என்றும் சொல்லவில்லை. வாயிலிலே நிற்கத்தான் வேண்டும் என்றே காட்டுகிறார்.

புளோரன்ஸ் ஊர்வலத்தின் பிற்கதையையும் சொல்லிவிடுகிறோம். கொசிமோ 1464-இலும் பியேறோ 1469-இலும் இறந்தார்கள். 1494-இலே குடும்பம் நகரத்தைவிட்டுத் துரத்தப்பட்டது. வங்கியும் அத்தோடு வீழ்ந்தது. குடும்பம் பின்னர் மீண்டு வந்து ஆண்டதாயினும், மாளிகை 1659-இலே றிக்கார்தி என்னும் வேறொரு செல்வக் குடும்பத்துக்கு விற்கப்பட்டது. புதியவர்களுக்குப் பெரிய மாடிப்படி ஒன்று வேண்டியிருந்தது. அதற்காக ஆலயத்தின் ஒரு மூலையை இடித்து உள்ளே தள்ளினார்கள். மேற்குச் சுவர் அறுபட்டது. வெண்தாடி அரசரின் வாகனம் இரண்டு துண்டாகி, இரண்டு சுவருக்குப் போயிற்று. ஒரு பணக்காரரின் ஊர்வலத்தை அடுத்த பணக்காரரின் படிக்கட்டு குறுக்கே வெட்டியது. லிப்பி எழுதிய குழந்தையோ இன்று ஜேர்மனியிலே, பேர்லின் நகர ஓவியக் காட்சிச்சாலையிலே இருக்கிறது. ஆலயத்துப் பீடத்தின்மேல் இருப்பது அக்காலத்து வேறொருவர் எழுதிய பிரதி. குதிரைகள் மட்டும் இன்னும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கின்றன.

சகோதரர்களே, இந்தப் படத்தை ஏன் இந்த மேடைக்குக் கொண்டுவந்தோம் என்று இனி ஒளிக்க வேண்டியதில்லை. இவ்வாண்டு நமது மண்டபத்தைத் திருத்தினோம். பணம் தந்த பெரியோரின் பெயர்ப்பலகையைப் பூசையறை வாயிலுக்கு மேலே மாட்டுவது என்று ஒரு பிரேரணை வந்தது. பெயர்களின் வரிசை பற்றி மூன்று கூட்டம் நடந்தது. இளைஞர் பக்கத்திலே நின்று, பலகையே கூடாது, கொடுத்தவர் பெயரைக் கேட்பவர் கொடுக்கவேயில்லை என்று மிக உரத்துப் பேசியவர் யார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நாமேதான். அன்று பேசியது அந்தப் பழைய கட்டுரையின் முடிவுரை. ஆசிரியர் கேட்ட கேள்வியை நாமே மறந்து போனோம். எதிரிலே இருந்த ஒரு பெரியவர், ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். தம் ஓய்வூதியத்திலிருந்து மாதம் மாதம் தந்தவர் அவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். அவர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். சபையிலே சொன்ன சொல்லைச் சபையிலேயே திரும்பப் பெறுவது முறை. ஐயா, மன்னிக்க வேண்டும்.

ஆனாலும் எமது கருத்தை முழுவதும் விட்டுவிட்டோம் என்று எண்ணவேண்டாம். பெயர்ப்பலகை இருக்கட்டும். கொடுத்தவர் முகம் ஊர்வலத்திலே தெரிவதிலே தவறில்லை. அந்த முகத்தைக் கண்டு அவர் பிள்ளையும் கொடுக்கக் கற்றுக்கொள்ளும். ஆனால் அது பூசையறை வாயிலுக்கு மேலே வேண்டாம். கும்பிட வருபவர் தலை நிமிர்ந்தால் முதலிலே சுவாமி தெரிய வேண்டும். பக்கச் சுவரிலே மாட்டுவோம். சுற்றி வருபவர் நின்று வாசிக்க அங்கே இடமும் உண்டு; பெயர்களை எழுத்து வரிசைப்படி போட்டால் நான்காவது கூட்டமும் வேண்டியதில்லை. கடைசியிலே இன்னும் சில பெயர் சேர்க்க வேண்டும்: சுவர் கட்டிய மேசன்மார், கதவு செய்த தச்சர், சிரமதான நாட்களிலே எல்லோருக்கும் சமைத்துப் போட்ட அம்மா. கொட்ஸோலி தம் பெயரைத் தாமே தொப்பியிலே எழுதிக்கொண்டார். நம்முடைய மேசன்மார் அப்படிச் செய்யமாட்டார்கள். நாம்தான் எழுத வேண்டும். இதனை அடுத்த பொதுக்கூட்டத்திலே பிரேரணையாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறோம். ஆமோதிக்க ஒருவர் வேண்டும்.

நத்தார் நாடகத்திலே இடறிய அரசரை நினைவில் வைத்திருக்கும்படி கேட்டோம். அன்று வீடு திரும்பும்போது தாயார் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "நான் உன்னையே பார்த்துக்கொண்டுதான் இருந்தனான். நீ அங்காலே பார்த்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அவரும் இன்று பின்வரிசையிலே இருக்கிறார்; எங்கே என்று நாம் தேடவில்லை.